ஆயில் ஃபில்டர் மாற்றத் தெரியாத நானும், ஜி.டி. நாயுடுவும்

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் சூலக்கரை, விருதுநகர் பக்கத்துல. சித்தப்பா ஒரு பிக்கப் லோடு வண்டி வச்சிருக்கார். சிவகாசியில இருந்து காலண்டர், நோட்டுப் புத்தகம், தீப்பெட்டி பண்டல்னு என்ன லோடு கிடைக்குதோ ஏத்திக்கிட்டுப் போவார். அன்னைக்கு வண்டிக்கு ஆயில் மாத்தணும். பட்டறையில ஏகப்பட்ட கூட்டம். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற பையன் வீட்டுல சும்மாதானே இருக்கான், அவனே மாத்தட்டும் என்று சித்தப்பா முடிவு பண்ணிட்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரெண்டு ஃபில்டரை எடுத்து வச்சாங்க. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி டப்பா. விலை குறைஞ்சதை எடுத்தேன். கடைக்கார அண்ணன் வண்டி மாடலைக் கேட்டுட்டு அதைத் திரும்ப வாங்கிக்கிட்டார். மரை பொருந்தினா மட்டும் போதாதாம். ரப்பர் வளையத்தோட விட்டமும் சரியா இருக்கணும், உள்ளே இருக்கிற பைபாஸ் வால்வு திறக்கிற அழுத்தமும் அந்த இன்ஜினுக்கு ஏத்ததா இருக்கணும். ஃபில்டர் அடைச்சுக்கிட்டா அந்த வால்வுதான் திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது உள்ளே விடும். ஆயிலே போகாம இருக்கிறதுக்கு அழுக்கு ஆயில் எவ்வளவோ மேல். இதை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டேன். சூடு ஏறினதும் அணைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றி கறுப்பு ஆயிலைச் சட்டியில் இறக்கினேன். பழைய ஃபில்டரைக் கழற்றி, புதுசை மாட்டி, ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பினேன். ஃபில்டர் ஓரத்தில் இருந்து ஆயில் பீய்ச்சி அடித்தது. சித்தப்பா ஓடி வந்து இன்ஜினை அணைத்தார்.

பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதைக் கவனிக்காம அதுக்கு மேலேயே புதுசை மாட்டியிருக்கேன். ரெண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று இருந்தா அழுத்தத்துக்குத் தாங்காது, பிதுங்கிடும். வாசல்ல நடந்ததால ஆயிலோட போச்சு. நாலுவழிச் சாலையில லோடோட நடந்திருந்தா ஆயில் முழுக்க வடிஞ்சு, பேரிங் பிடிச்சு, இன்ஜினே போயிருக்கும். அந்த வண்டிக்கு இன்னும் தவணை முடியல. சித்தப்பா திட்டவே இல்லை. திரும்ப ஆயில் வாங்கிட்டு வரச் சொல்லிக் காசு கொடுத்தார். திட்டியிருக்கலாம்னு தோணுச்சு.

பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவுல ஆயில் படலம் எப்படி உருவாகுதுன்னு பதினாறு மார்க் கேள்விக்கு முழுசா எழுதினவன் நான். ஒரு ரப்பர் வளையம் கண்ணில் படவில்லை. அந்த ராத்திரி மனசு ஆறாம படிச்சதுதான் ஜி.டி. நாயுடுவோட வாழ்க்கை. பொது அறிவுப் புத்தகத்துல இந்தியாவின் எடிசன் என்ற ஒரு வரிக்கு மேல் அவரைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது.

1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி எறிஞ்சுட்டு ஓடினார்னு ஒரு கதை சொல்வாங்க. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்னு போச்சு. விருதுநகர்க்காரனுக்கு இது ஒண்ணும் அதிசயம் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்னவர் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்ததைக் கேட்டு வளர்ந்தவங்கதானே நாங்க.

நாயுடுவைத் திருப்பிப் போட்டது ஒரு மோட்டார் சைக்கிள். அந்தப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஓடுற வண்டியைப் பார்த்த பையனுக்கு அது வேணும்னு ஆயிடுச்சு. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் காசு சேர்த்து, சுமார் 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே விலைக்கு வாங்கிட்டார். வாங்கினவர் ஊர் சுத்திட்டு நிக்கல. வண்டியை முழுசாகப் பிரிச்சுப் போட்டார். திரும்ப மாட்டினார். அவருக்குக் காலேஜ் அந்த வண்டிதான்.

இதுல நம்ம விஷயமும் இருக்கு. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் ஆயில் ஃபில்டரே கிடையாது. ஆயில் சுற்றி வரவும் செய்யாது. ஓட்டுறவர்தான் அப்பப்போ ஒரு சின்னப் பம்ப்பைக் கையால அழுத்தி இன்ஜினுக்குள்ள ஆயில் விடணும். உள்ளே போன ஆயில் எரிஞ்சு புகையாகவோ, சொட்டாக வழிஞ்சோ வெளியே போயிடும். கம்மியா விட்டா பிஸ்டன் பிடிச்சுக்கும். அதிகமா விட்டா ஸ்பார்க் ப்ளக்ல கரி ஏறும். அப்போ அந்த வண்டியை ஓட்டுறவருக்கு இன்ஜின் சத்தமும் புகையின் நிறமும் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். இல்லைன்னா பாதி வழியில் தள்ளிக்கிட்டு வர வேண்டியதுதான்.

அடுத்து பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். சம்பாதிச்சார், பம்பாய் வரைக்கும் போய் இழந்தார். கையில பெருசா எதுவும் இல்லாத நேரத்தில் கோவையின் ஸ்டேன்ஸ் துரை அவருக்குப் பண உதவி செஞ்சார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே விட்டார் நாயுடு. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

அந்த வருஷத்தைக் கவனியுங்க. அமெரிக்காவில் ஏர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் காருக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டு வந்தது 1923-ல். பியூரோலேட்டர் என்ற பெயர் அப்போ வந்ததுதான். அதாவது நாயுடுவோட முதல் பஸ் ஓட ஆரம்பிச்சப்போ ஆயில் ஃபில்டர்னு ஒரு பொருளே கடையில் இல்லை. மண் ரோட்டுத் தூசியும், இன்ஜின் தேயும்போது விழுற இரும்புத் துகளும் ஆயிலோட கலந்தா, மசகா இருக்க வேண்டிய ஆயிலே உப்புத்தாள் மாதிரி பேரிங்கை அராவிடும். அதுக்கு இருந்த ஒரே வழி, அடிக்கடி ஆயிலை இறக்கி, அடிச்சட்டியைக் கழற்றிக் கழுவி, புது ஆயில் ஊத்துறது. இன்னைக்கு ஒரு டப்பா செய்யுற வேலையை அன்னைக்கு ஒரு ஆளோட கையும் கண்ணும் செஞ்சது.

ஒரு பஸ்ஸில் ஆரம்பிச்ச அந்தத் தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ். ஆச்சு. 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் அவர்கிட்ட ஓடின. ஒரு வண்டியை ஒருத்தர் பார்த்துக்கலாம். இருநூறு வண்டியைப் பார்க்க இருநூறு வண்டிக்கும் பழகின கைகள் வேணும். பட்டறையும், பட்டறையில் ஆள் பழக்குறதும் அவர் தொழிலோட பாதியா ஆனது இப்படித்தான்.

அதுக்கப்புறம் அவர் எங்கேயும் நிக்கல. ஐரோப்பா போனார். ஜெர்மனியில் பேட்டரியில் ஓடுற ரேசன்ட் ஷேவிங் ரேசரைத் தயாரிச்சார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடிச்சார். 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கோவையில் கொண்டு வந்தார். இன்னைக்கு நம்ம வீட்டுக் கிணத்து மோட்டார் பெரும்பாலும் கோவைச் சரக்கா இருக்குன்னா, அந்தக் கதை அங்கே தொடங்குது. 1952-ல் ரெண்டு பேர் போற மாதிரி 2,000 ரூபாய்க்கு ஒரு பெட்ரோல் கார் செஞ்சு காட்டினார். அதைத் தயாரிக்க அரசு அனுமதி தரல.

எனக்கு ரொம்ப உறுத்தினது அவர் கல்லூரி நடத்தின கதை. 1945-ல் கோவையில், அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தது நாயுடுவோட முயற்சியில்தான். இப்பவும் பீளமேட்டுல பஸ் கண்டக்டர் ஹோப் காலேஜ்னு குரல் கொடுக்கிறது அந்தப் பெயரைத்தான். நாலு வருஷப் பொறியியல் படிப்பு வெட்டி, பட்டறையில் கையோடு சொல்லிக் கொடுத்தா ரெண்டு வருஷம் தாராளம் என்பது அவர் கட்சி. ஆங்கிலேய அரசு ஒத்துக்கல. அவர் பொறுப்பை விட்டு விலகிட்டார். அந்தக் கல்லூரிதான் பிறகு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆச்சு, நாலு வருஷப் படிப்போட.

அவர் சொன்னது முழுசும் சரியா? நாலாவது வருஷத்தின் கடைசியில் உட்கார்ந்து யோசிக்கிறேன், முழுசும் ஒத்துக்க முடியல. பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கணும்னு முடிவு பண்ண யாரோ ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கணும். அந்தக் கணக்கு பட்டறையில் வராது. ஆனா வரிசை மாறிப் போச்சு என்பதில் அவர் பக்கம்தான் நான். அவர் முதல்ல பிரிச்சார், கேள்வி அப்புறம் வந்தது. நாம பதிலை முதல்ல மனப்பாடம் பண்ணிடுறோம், கேள்வி வரவே மாட்டேங்குது.

எங்க பக்கத்துலயும் இதே கதை இருக்கு. 1922-ல் சிவகாசியில் இருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டி செய்யப் படிக்கத்தான். போன இடத்தில் கூட நின்னு வேலையைக் கத்துக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு சித்தப்பா ஏத்துற தீப்பெட்டி பண்டல் அந்தப் பயணத்துல இருந்து வந்ததுதான்.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று கோவையில் காலமானார். அவர் சேர்த்து வச்ச இயந்திரங்களும் செஞ்ச பொருட்களும் அவிநாசி ரோட்டு மியூசியத்தில் இருக்கு. கோவையில் படிக்கிற ஜூனியர்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ வண்டி அடுத்த ஆயிலுக்கு வந்திருந்தது. நானே கேட்டு வாங்கி மாட்டினேன். பழைய ஃபில்டரைக் கழற்றினதும் முதல்ல அதோட ரப்பர் வளையம் அதுலயே இருக்கான்னு பார்த்தேன். இன்ஜின்ல ஃபில்டர் உட்காருற இடத்தைத் துணியால துடைச்சு, விரலை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தேன். புது வளையத்துல கொஞ்சம் ஆயில் தடவி, கையாலயே முடுக்கி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுத்து. ஸ்பேனர் போடல. இன்ஜினை ஓட விட்டு, ஆயில் விளக்கு அணையுற வரைக்கும் பார்த்துட்டு, அணைச்சு, டிப் ஸ்டிக்கை எடுத்து அளவு பார்த்தேன்.

சித்தப்பா மொபைல் டார்ச்சை அடிச்சுக் குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சாவியை வாங்கிக்கிட்டு சிவகாசிக்கு லோடு ஏத்தக் கிளம்பிட்டார்.