சைக்கிள் மன்னர் கோப்பி

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். பீங்கான் தொழிற்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவர் ஒரு சைக்கிளில் போவார். இரண்டு பக்கமும் பால் பாத்திரம் கட்டிய பால்காரர் ஒரு சைக்கிளில் வருவார். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மாணவிகள் கூட்டமாகப் பள்ளிக்கூடம் போவார்கள். நமக்குச் சைக்கிள் ஏழையின் குதிரை. அதில் ஏறிப் பிழைப்பைத் தேடலாம். புகழைத் தேட முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். ஒரு தேசமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதே தேசம் அவரைக் கீழே போட்டு மிதித்தது. கடைசியில் அவர் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்து கண்ணீர் விட்டது. அவர் பெயர் பௌஸ்டோ கோப்பி. பெயரைக் கேட்டதும் நமக்கு டம்ளரும் டபராவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இத்தாலி நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் கிழவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கசாப்புக் கடைப் பையன்

இத்தாலியின் வட பகுதியில், குன்றுகளுக்கு நடுவே கஸ்தெல்லானியா என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 1919-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி கோப்பி பிறந்தார். தகப்பனார் சிறு விவசாயி. வீட்டில் ஐந்து குழந்தைகள். நிலத்தில் விளைவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது.

பையன் ஒல்லி. கால்கள் கொக்கின் கால்களைப் போல நீண்டிருந்தன. மார்புக் கூடு முன்னுக்குத் தள்ளியிருந்தது. வயல் வேலைக்கு இவன் ஆக மாட்டான் என்று கண்டுகொண்டார்கள். பதின்மூன்று வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு, நோவி லிகுரே என்ற பக்கத்து ஊரில் ஒரு கசாப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வாடிக்கைக்காரர்களின் வீடுகளுக்கு இறைச்சிப் பொட்டலங்களைச் சைக்கிளில் கொண்டு போய்க் கொடுப்பதுதான் வேலை. மேடும் பள்ளமுமான அந்தப் பாதைகளே அவனுக்குப் பள்ளிக்கூடம் ஆயின.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் இருந்தார். அவர் பெயரும் பௌஸ்டோதான். பையனின் ஆசையைக் கேள்விப்பட்டு, பந்தயச் சைக்கிள் வாங்க அவர் பணம் கொடுத்தார்.

அந்த ஊரில் கவன்னா என்று ஒருவர். இரண்டு கண்களும் தெரியாதவர். பந்தய வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டுப் பயிற்சி தருவது அவர் தொழில். பையனின் காலையும் முதுகையும் கையால் தடவிப் பார்த்தே, இவன் சாதாரணப் பையன் அல்ல என்று அவர் தெரிந்துகொண்டார். ஊர்க் கண்கள் எல்லாம் நோஞ்சான் என்று ஒதுக்கிய உடம்பில், கண்ணில்லாதவர் ஒரு வீரனைக் கண்டார். என்ன உண்பது, எப்போது உறங்குவது, எவ்வளவு தூரம் ஓட்டுவது என்று அவர் போட்ட திட்டப்படியே கோப்பி வளர்ந்தார்.

எடுபிடி ராஜா ஆனார்

அப்போது இத்தாலியில் கொடிகட்டிப் பறந்தவர் ஜீனோ பர்தாலி. கோப்பியைவிட ஐந்து வயது மூத்தவர். பக்திமான். தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். 1940-ம் வருஷம் பர்தாலியின் கோஷ்டியில் கோப்பி சேர்ந்தார். தலைவருக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பதும், எதிர்க்காற்றை மறைத்து முன்னால் ஓட்டுவதும், தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருவதும் இப்படிச் சேர்ந்தவர்களின் கடமை.

இத்தாலி முழுவதையும் சுற்றி வரும் ஜீரோ பந்தயம் அந்த வருஷம் நடந்தது. தொடக்கத்திலேயே பர்தாலி கீழே விழுந்து அடிபட்டார். எடுபிடியாக வந்த இருபது வயதுப் பையன் முன்னே போனான், பந்தயத்தையே வென்றுவிட்டான்! பந்தயம் முடிந்தது ஜூன் 9-ந் தேதி. மறுநாளே இத்தாலி யுத்தத்தில் இறங்கியது.

யுத்தத்துக்கு நடுவிலும், 1942-ல் மிலான் நகர ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி கோப்பி உலக சாதனை செய்தார். பதினான்கு வருஷம் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் சிப்பாய்க்குச் சாதனை ஏது? ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். கைதியாகக் காலம் கழித்துவிட்டு, 1945-ல் நாடு திரும்பினார்.

திரும்பியபோது நாடு இடிந்து கிடந்தது. பாலங்கள் இல்லை, வேலை இல்லை, ரொட்டி இல்லை. அந்த நிலையில், 1946 மார்ச்சில் மிலானிலிருந்து கடற்கரை நகரமான சான் ரெமோ வரை பந்தயம் நடந்தது. கோப்பி ஆரம்பத்திலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்து போனார். மலை கடந்து, கடலோரமாகத் தன்னந்தனியே ஓட்டி வந்து சேர்ந்தார். இரண்டாவது ஆள் வந்தபோது 14 நிமிஷம் ஆகியிருந்தது. அதுவரை சும்மா இருக்க முடியாமல் ரேடியோக்காரர் சங்கீதம் வைத்துவிட்டார் என்று இன்றும் கதையாகச் சொல்வார்கள்.

இரண்டு கட்சிகள்

நம் நாட்டில் அந்தக் காலத்தில் பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று இருந்தது. பிறகு எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று ஆனது. டீக்கடைப் பெஞ்சில் சண்டை, வீட்டுத் திண்ணையில் சண்டை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

இத்தாலியும் அப்படித்தான் பிளந்தது. கிராமத்தாரும் பழைய வழக்கத்தை விடாதவர்களும் பெரும்பாலும் பர்தாலி பக்கம். புதுமை வேண்டும் என்றவர்கள் கோப்பி பக்கம். வீரர்கள் இருவரும் பெடலை மிதித்தார்கள். ரசிகர்கள் அதில் மதத்தையும் அரசியலையும் ஏற்றிவிட்டார்கள்.

ரசிகர் அன்பு சில சமயம் எல்லை மீறியது. 1948 ஜீரோ பந்தயத்தில் மாக்னி என்ற வீரரை, மலை ஏற்றத்தில் ரசிகர்கள் முதுகைப் பிடித்துத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். நம் ஊரில் தேருக்கு முட்டுக் கொடுப்பதைப் போல! நடுவர்கள் இரண்டே நிமிஷம் அபராதம் போட்டார்கள். இது நியாயமில்லை என்று கோப்பியின் கோஷ்டி பந்தயத்தை விட்டே வெளியேறியது. மாக்னி வென்றார்; ஆனால் மிலானில் ஜனங்கள் அவரைக் கேலிக் கூச்சலோடு வரவேற்றார்கள்.

தலைகுனிந்த நாள்

நியாயம் பேசிய கோப்பியே அதே வருஷம் தலைகுனிய நேர்ந்தது. 1948 ஆகஸ்டில் ஹாலந்து நாட்டின் வால்கன்பர்க் நகரில் உலக சாம்பியன் பந்தயம். இதில் கோஷ்டிகள் கிடையாது. ஒவ்வொரு நாட்டு வீரரும் தம் நாட்டின் சட்டையை அணிந்து ஓட்டுவார். இத்தாலியின் சட்டையில் கோப்பியும் இருந்தார், பர்தாலியும் இருந்தார்.

இருவரில் ஒருவருக்கு வெற்றி நிச்சயம் என்று ரசிகர்கள் நம்பினார்கள். நடந்தது என்ன? கோப்பி முன்னே போனால் பர்தாலி ஒட்டிக்கொண்டார். பர்தாலி நின்றால் கோப்பியும் நின்றார். நான் தோற்றாலும் சரி, அவன் ஜெயிக்கக் கூடாது என்ற எண்ணம் இருவரையும் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எங்கோ போய்விட்டார்கள். கடைசியில் இருவருமே பந்தயத்தை விட்டு விலகினார்கள். பெல்ஜியத்து ஸ்கோட்டே சாம்பியன் ஆனார்.

ரசிகர்கள் கொதித்தார்கள். அன்று கோப்பி கட்சியும் பர்தாலி கட்சியும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தன, இருவரையும் திட்டுவதற்காக! இத்தாலியச் சைக்கிள் சங்கம் தேசத்தின் மானத்தை மறந்ததாகச் சொல்லி, இருவரும் சில காலம் பந்தயங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை போட்டது. ரசிகர்களின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் இந்தப் பகையை ஊதி வளர்த்தவர்களும் அவர்களேதான் என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரட்டை வெற்றி

அடுத்த வருஷம் கோப்பி பழி துடைத்தார். 1949 ஜூன் 10-ந் தேதி, ஜீரோ பந்தயத்தில், குனியோ நகரிலிருந்து பினரோலோ வரை ஐந்து பெரிய மலைகள். சுமார் 190 கிலோமீட்டர் தூரம் அவர் தனியாகவே ஓட்டினார். அடுத்து வந்த பர்தாலி கிட்டத்தட்ட 12 நிமிஷம் பிந்தினார்.

பிறகு பிரான்சைச் சுற்றும் டூர் பந்தயம். அதில் இருவரும் ஒரே இத்தாலியக் கோஷ்டி. கோஷ்டித் தலைவர் பிந்தா, பழைய உலக சாம்பியன். இருவரையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்திருந்தார். ஆரம்பத்தில் கோப்பி விழுந்து, அரைமணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி, ஊருக்குப் போய்விடுகிறேன் என்று சோர்ந்தார். பிந்தா தேற்றினார். மலைகள் வந்தபோது கோப்பியும் பர்தாலியும் சேர்ந்தே முன்னேறினார்கள். பர்தாலியின் 35-வது பிறந்த நாளன்று இருவரும் ஒன்றாக வந்தபோது, அன்றைய வெற்றியைக் கோப்பி மூத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்.

முடிவில் கோப்பி முதல்வர், பர்தாலி இரண்டாமவர். ஒரே வருஷத்தில் ஜீரோவையும் டூரையும் வென்ற முதல் மனிதர் கோப்பிதான். அதே 1949-ல்தான் நம் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கியது என்பது நமக்கு ஒரு நினைவுக் குறிப்பு.

1951 ஜூனில் பேரிடி விழுந்தது. தம்பி சேர்சேயும் பந்தய வீரர். டூரின் நகரில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்தார். எழுந்து வந்து பந்தயத்தை முடித்தார். அன்று மாலையே மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். கோப்பி ஓட்டுவதையே விட்டுவிட நினைத்தார். விடவில்லை. 1952-ல் மறுபடி ஜீரோவும் டூரும் அவருக்கே.

அந்த வருஷத்து டூரில், மலைச் சாலையில் கோப்பியும் பர்தாலியும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் படம் ஒன்று வெளியானது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? இத்தாலியில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தாகத்துக்குக் கட்சி இல்லை என்பதுதான் அந்தப் படம் சொல்லும் தீர்ப்பு.

லுகானோ திருவிழா

1953 ஆகஸ்டு 30. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் உலக சாம்பியன் பந்தயம். இத்தாலியின் எல்லை கூப்பிடு தூரம். ஜனங்கள் சாரி சாரியாக எல்லையைத் தாண்டி வந்து குவிந்தார்கள். வயது 34-ஐ நெருங்கிய கோப்பிக்கு இந்த ஒரு பட்டம்தான் பாக்கி. தூரம் 270 கிலோமீட்டர். க்ரெஸ்பெரா என்ற மேட்டைத் திரும்பத் திரும்ப ஏற வேண்டும்.

கடைசி வரை ஒட்டி வந்தவர் பெல்ஜியத்து டெரிக்கே ஒருவரே. அவரையும் அந்த மேட்டில் கோப்பி உதறினார். ஆறு நிமிஷத்துக்கு மேல் முந்தி வந்து சேர்ந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் ஏசிய ரசிகர்கள் அன்று ஆனந்தக் கூத்தாடினார்கள்.

அந்த மேடையில் சாம்பியனுக்கு அருகே ஒரு பெண் நின்றிருந்தார். ஒரு டாக்டரின் மனைவி. அந்த டாக்டரோ கோப்பியின் தீவிர ரசிகர்! கோப்பிக்கும் மனைவியும் மகளும் இருந்தார்கள். 1954-ல் பத்திரிகைகள் அந்தப் பெண்ணுக்கு வெள்ளைச் சீமாட்டி என்று பெயர் வைத்துவிட்டன.

அந்நாளில் இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் கிடையாது. பிறர் மனைவியோடு வாழ்வது குற்றம். 1955-ல் வழக்கு நடந்தது. இருவருக்கும் சில மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். ரசிகர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாலை போட்ட கைகளே வசைக் கடிதம் எழுதின. கைவிடப்பட்ட மனைவியின் துயரம் உண்மையானது. கோப்பி செய்தது சரி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுத் துயரத்தையும் ஒரு பந்தயம் போலவே ஊர் வேடிக்கை பார்த்தது.

கொயினா கிடைக்காத உயிர்

எலும்புகள் பல முறை முறிந்தன, வயது ஏறியது. ஊக்க மருந்து உண்டதையும் அவர் ஒளிக்கவில்லை. அன்று அதற்குத் தடை இல்லை. ஓய்வு பெற்றிருக்கலாம். ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர், கடைசி இடத்துக்குப் போன பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

1959 டிசம்பரில், இன்று புர்கினா பாஸோ எனப்படும் ஆப்பிரிக்க நாட்டுக்கு ஒரு காட்சிப் பந்தயத்துக்காகப் போனார். கொசு கடித்தது. திரும்பியதும் கடும் ஜுரம். உடன் போன பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அதே ஜுரம். பிரான்சில் ரத்தத்தைச் சோதித்து, மலேரியா என்று கண்டு, கொயினா கொடுத்தார்கள், அவர் பிழைத்தார். இத்தாலியில் அது வேறு நோய் என்று நினைத்தார்கள். 1960 ஜனவரி 2-ந் தேதி, நாற்பதே வயதில், கோப்பி கண்ணை மூடினார். நம் ஊர்க் கிழவிகூடக் குளிர் ஜுரம் என்று சொல்லியிருக்கக் கூடிய நோய், உலக சாம்பியனைக் கொண்டுபோய்விட்டது.

சின்னஞ்சிறு கஸ்தெல்லானியாவின் குன்றில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஏறினார்கள். திட்டியவர்களும் வந்தார்கள், பர்தாலியும் வந்தார். தம்பி சேர்சேயின் அருகில் கோப்பி இன்று உறங்குகிறார். 1965 முதல் ஜீரோ பந்தயத்தின் மிக உயர்ந்த மலைக்குக் கோப்பி சிகரம் என்று பெயர். 2019-ல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, கிராமமே தன் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

ரசிகர்கள் அவருக்குச் சிகரத்தைக் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது கொஞ்சம் பொறுமையையும் கொடுத்திருக்கலாம். வீரன் நமக்காக மலை ஏறுகிறான். ஆனால் அவன் மலை அல்ல, மனிதன். அடுத்த முறை யாருக்காவது கைதட்டும்போது இதை நினைத்துக்கொண்டால், கசாப்புக் கடைப் பையனின் கதையைப் படித்ததற்குப் பலன் உண்டு.