பாரதியும் கருத்துப்படமும்

பாரதியார் என்றதும் அவர்தம் பாடல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டு அக்கலைக்கு வழிவகுத்த முன்னோடியும் அவரே. அவருடைய வாழ்வின் இப்பகுதி நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது.

சுப்பிரமணியன் என்னும் இயற்பெயருடைய பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தையார் மறைந்தபின் காசியில் சில ஆண்டுகள் தங்கிக் கல்வி பயின்றார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியிலேயே சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய ‘சுதேசமித்திரன்’ இதழில் துணையாசிரியராக அமர்ந்தார். மொழிபெயர்ப்பே அங்கு அவருக்கு வாய்த்த முதன்மையான வேலை. தாம் எண்ணியதைத் தம் விருப்பப்படி எழுத அவ்விதழில் இடம் போதவில்லை.

அவ்விடம் 1906ஆம் ஆண்டு மே மாதத்தில் கிடைத்தது. மண்டயம் திருமலாச்சாரியார் முதலிய நண்பர்களின் துணையோடு ‘இந்தியா’ என்னும் வார இதழ் சென்னையில் தோன்றியது. சிவப்புத் தாளில் அச்சான அவ்விதழின் முதற்பக்கத்தில் பெரியதொரு படம் இடம்பெற்றது. அதன் கீழே படத்தின் கருத்தை விளக்கும் சில வரிகள் இருக்கும். சுதேசிப் பொருள்களின் ஆதரவு, மக்களை வாட்டிய பஞ்சம், ஆட்சியாளரின் அடக்குமுறை, காங்கிரசில் இருந்த மிதவாதிகளின் தயக்கம் ஆகியவை அப்படங்களின் பொருளாயின.

லண்டன் நகரில் 1841 முதல் வெளிவந்த ‘பஞ்ச்’ இதழே இத்தகைய படங்களுக்கு உலகெங்கும் முன்மாதிரியாக விளங்கியது. பம்பாயிலும் ‘இந்தி பஞ்ச்’ என்னும் இதழ் அவ்வழியில் நடந்தது. தமிழிலோ அதற்கு முன் இப்படியொரு தொடர்முயற்சி இல்லை. எழுத்துகளைக் கோத்து அச்சிடுவதைவிடப் படம் அச்சிடுவது அந்நாளில் கடினம். ஒவ்வொரு படத்துக்கும் தனியே அச்சுக்கட்டை செய்ய வேண்டும், பொருட்செலவும் மிகுதி. வாரந்தோறும் அச்செலவை ஏற்க ஓர் இளைஞர் குழு துணிந்தது ஏன்? அக்காலத் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஒருவர் இதழைப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. படிப்பவரின் குரலைக் கேட்டவாறே எழுத்தறியாதவரும் படத்தைக் கண்ணால் கண்டு பொருள் உணரலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்குதல் நலம். தூரிகை பிடித்து இப்படங்களை வரைந்தவர் பாரதியார் அல்லர். எதைப் படமாக்குவது என்று தேர்ந்து, அதற்குரிய விளக்கத்தை அமைத்தது அவர் பணி. வரைந்தவர்கள் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்துவிட்டனர். பாட்டுக்குப் புகழ் பெற்றவரின் படப்பணியே மறக்கப்பட்டபோது, அவருக்குக் கைகொடுத்த ஓவியர்களை யார் நினைத்திருப்பர்?

1908இல் அரசின் பார்வை ‘இந்தியா’வின்மீது கடுமையாக விழுந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த மு. சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது, கருத்துப்படங்களும் தொடர்ந்தன. பிரித்தானிய இந்தியாவுக்குள் இதழ் நுழைவது தடுக்கப்பட்டதால், வாசகரை இழந்து 1910 மார்ச்சில் நின்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் திருவிதாங்கூரில் நிகழ்ந்ததை நெய்யாற்றின்கரை, பெருங்கடவிளைப் பகுதி மாணவர் நன்கு அறிவர். நெய்யாற்றின்கரையில் பிறந்த இராமகிருஷ்ண பிள்ளையின் ‘சுதேசாபிமானி’ இதழுக்குரிய அச்சகம் கைப்பற்றப்பட்டது. அவரும் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். தமிழிலும் மலையாளத்திலும் அஞ்சாது எழுதிய இரண்டு இதழ்கள் ஒரே ஆண்டில் ஓய்ந்தன. மலையாளத்தின் முதல் கருத்துப்படம் எனப்படும் ‘மகாட்சாமதேவதை’ கொல்லத்திலிருந்து வந்த ‘விதூஷகன்’ இதழில் வெளியானது 1919இல்தான். அதன் பொருளும் பஞ்சமே.

முழுவதும் கருத்துப்படங்களே கொண்ட ‘சித்ராவளி’ என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தவும் பாரதியார் திட்டமிட்டார். அது வெளிவரவில்லை. 1918இல் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கைதாகி, விடுதலை பெற்றபின் கடையத்தில் வாழ்ந்தார். அந்நாள்களில் திருவனந்தபுரத்துக்கு வந்து, அங்குள்ள விலங்குக்காட்சிச் சாலையில் சிங்கத்தைக் கண்டு அவர் மகிழ்ந்ததைக் குடும்பத்தார் எழுதிவைத்துள்ளனர். பின்னர் மீண்டும் ‘சுதேசமித்திரன்’ பணிக்குத் திரும்பிய அவர், 1921 செப்டம்பரில் தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

அவர் பாடல்களை அன்பர்கள் தொகுத்தனர். கட்டுரைகளையும் தேடிச் சேர்த்தனர். படங்களோ பழைய இதழ்த் தாள்களிலேயே தங்கிவிட்டன. தாளும் உதிர்ந்துகொண்டிருந்தது. வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் திரட்டி, ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்னும் நூலாக 1994இல் வெளியிட்டார். இன்று அந்நூலைத் திறக்கும் மாணவர்க்குப் படம் உடனே விளங்கிவிடாது. அந்தந்த வாரத்துச் செய்தியை நம்பி வரையப்பட்டவை அவை. 1907இல் லாலா லஜபதி ராய் நாடு கடத்தப்பட்டதையும், அவ்வாண்டின் இறுதியில் சூரத்தில் காங்கிரசு பிளவுபட்டதையும், வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் கப்பல் நிறுவனம் கண்டதையும் முதலில் படித்தறிந்து, பின்பு படத்தைப் பார்த்தல் வேண்டும்.