ஆங்கில ஆசான் டாக்டர் மில்லர்

சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பெயரைக் கேள்விப்படாதவர் தமிழகத்தில் இலர். அதனைக் கட்டி வளர்த்த டாக்டர் வில்லியம் மில்லர் வகுப்பறையில் எத்தகைய ஆசிரியராக விளங்கினார் என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஸ்காட்லாந்து நாட்டுச் சபையொன்றின் போதகர். நல்லாசிரியரைப் போற்றுவதற்குச் சபை வேறுபாடு தடையாகுமா?

ஸ்காட்லாந்தின் வடகோடியில், கடலோரத்து தர்சோ என்னும் ஊரில் 1838-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் அவர் பிறந்தார். 1862 டிசம்பரில், தம் இருபத்து நான்காம் வயதில் சென்னை வந்து சேர்ந்தார். ஜான் ஆண்டர்சன் என்பவர் 1837-இல் தொடங்கிய மிஷன் பள்ளி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1877-இல் கிறித்துவக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. 1907 வரை அவரே அதன் முதல்வர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் சொந்தப் பணத்தையும் கல்லூரிக்கே செலவிட்டார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1901-இல், மாணவர்கள் நன்றியோடு அவருக்குச் சிலை எடுத்தனர்.

இவற்றைவிட எங்கள் மனத்தைக் கவர்ந்தது அவருடைய வகுப்பில் நடந்ததாகத் தமிழறிஞர் பலரும் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி. ஒருநாள் மில்லர் டென்னிசனின் கவிதையை நடத்திக்கொண்டிருந்தார். போரில் காயமுற்ற ஆர்தர் மன்னனை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கரையை விட்டுப் புறப்படுகிறது. அது அன்னம் போல் நீரில் சென்றது என்கிறார் கவிஞர். இந்த உவமையின் அழகை வியந்து விளக்கிய மில்லர், தமிழில் இப்படி உண்டா என்று கேட்டாராம். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலிருந்து வந்து படித்த சூரியநாராயணன் என்ற மாணவர் எழுந்தார். இராமனும் சீதையும் இலக்குவனும் கங்கையைக் கடக்கும் இடத்தில் குகனின் ஓடத்தைக் கம்பர் பாடியிருப்பதைப் பாடிக் காட்டினார். அங்கும் ஓடம் அன்னம் போலவே விரைகிறது! டென்னிசனுக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழ்ப் புலவன் இதைச் சொல்லிவிட்டான் என்பதைக் கேட்ட ஆசிரியர் சினக்கவில்லை, பெருமகிழ்ச்சி அடைந்தார்.

இந்த இரு பாடல்களையும் சேர்த்துப் படித்தபோதுதான் வேறொன்றும் எங்களுக்குப் புலப்பட்டது. ஆர்தரின் படகு மறையும்வரை அவன் வீரன் ஒருவன் கரையிலேயே நிற்கிறான். கங்கைக் கரையில் நின்ற முனிவர்களோ தீயில் பட்ட மெழுகாக உருகினார்கள். ஆகவே இரண்டும் படகைப் பற்றிய பாடல்கள் மட்டுமல்ல, பிரிவைப் பற்றிய பாடல்கள்! தனித்தனியே படித்திருந்தால் உவமையை மட்டும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருப்போம்.

மில்லர் ஷேக்ஸ்பியரையும் இவ்வாறு ஒரு கருத்தைச் சுற்றியே கற்பித்தார். 1900-ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய நூல்களின் தலைப்புகளே இதைக் காட்டும். லியர் மன்னன் கதையை இந்திய அரசியலோடு சேர்த்து ஒரு நூல். மாக்பெத்துக்கு ஆன்மாவின் அழிவு. ஒதெல்லோவுக்கு ஒழுக்கத்தின் வீழ்ச்சி. ஹாம்லெட்டுக்கு வீணான வாழ்வு. நான்கையும் சேர்த்து வாழ்க்கையின் வரைபடம் என்றார். நாடகம் முழுவதையும் ஒரே தலைப்பில் அடைத்துவிட முடியுமா என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. மாக்பெத்தில் வரும் சூனியக்காரிகளை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? ஆயினும் கடல் கடந்த ஊர்க் கதை நம் வாழ்வுக்கும் உரியது என்று மாணவர் உணர, இது நல்ல வழி என்றே எண்ணுகிறோம்.

எங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தோம். வல்வில் ஓரி நம் கொல்லிமலையை ஆண்டவன் அல்லவா? வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் வேட்டுவனாக எதிர்ப்பட்ட ஒருவன் மானிறைச்சியும் பொன்னும் தருகிறான். தன்னைக் கோ என்று புகழ்ந்தவுடன் நாணுகிறான். அவன்தான் ஓரி. அதே வாரம் ஆங்கில வகுப்பில் சிஸ்டர், லூக்கா நற்செய்தியிலுள்ள நல்ல சமாரியன் உவமையை வாசிக்கச் சொன்னார்கள். அவன் பெயர் என்ன என்று தேடினோம். பெயரே இல்லை! பெயர் சொல்லாமல் கொடுப்பவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ஆங்கில வகுப்பில் அதுவரை வாய் திறவாதவர்கள்கூட எழுந்து, தங்கள் ஊரில் யார் யார் அப்படி உதவினார்கள் என்று தப்பும் தவறுமாக ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். இலக்கணப் பிழைகளைச் சிஸ்டர் மறுநாள்தான் திருத்தினார்கள்.

மில்லரின் வகுப்பில் கம்பனைப் பாடிய மாணவர்தாம் பின்னாளில் பரிதிமாற் கலைஞர் எனப் பெயர் பூண்டார். பி.ஏ. தேர்வில் தத்துவத்திலும் தமிழிலும் சிறந்து தேறிய அவருக்குத் தத்துவத் துறையில் பணி தர மில்லர் முன்வந்தார். அவரோ தமிழாசிரியர் பணியையே விரும்பிக் கேட்டுப் பெற்றார். தமிழாசிரியர்களுக்கு மதிப்புக் குறைவாயிருந்த அந்தக் காலத்தில் இது எளிய முடிவன்று. 1902-இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்க முயன்றபோது, நண்பர் பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து அதை எதிர்த்தவரும் அவரே. 1903 நவம்பர் 2-ஆம் நாள், முப்பத்து மூன்றே வயதில் அவர் மறைந்தார். அறுபத்தைந்து வயது ஆசிரியர் தம் மாணவனை இழந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து மில்லர் தாயகம் திரும்பினார். 1923 ஜூலையில், எடின்பரோ நகரில், எண்பத்தைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

எங்கள் வகுப்புக் குறிப்பேட்டில் இடப்பக்கம் டென்னிசனையும் வலப்பக்கம் கம்பனையும் எழுதி வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு படம் வரைய வேண்டுமென்று முடிவாயிற்று. படகுக்குக் கவலையில்லை, வாசலூர்பட்டியில் பார்த்திருக்கிறோம். அன்னத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆகையால் வாத்தைப் பார்த்து, கழுத்தைச் சற்று நீட்டி வரைந்திருக்கிறோம்.