குணசித்திர நடிகர் டி. எஸ். பாலையா

நாடகத்துக்குத் தலைவன் ஒருவன் உளன். தலைவி ஒருத்தி உளள். அவர்தம் பெயரையே மக்கள் முதற்கண் கூறுவர். ஆயின், தலைவனை வஞ்சிக்கும் நண்பனாகவும், அவன் காதலுக்குத் தடையாய் நிற்கும் தந்தையாகவும், அவனுக்குத் தோள் கொடுக்கும் துணைவனாகவும் வந்து கதையைத் தாங்குவோர் வேறு சிலர். அவரைக் குணசித்திர நடிகர் என வழங்குதல் மரபு. அத்தகையாருள் தமிழகத்திற் சிறந்து விளங்கிய டி. எஸ். பாலையா அவர்களின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அன்னார் 1914 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23 ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரிற் பிறந்தார். அக்காலத்தே நாடகத் தொழிலுக்குச் சிறுவர் கம்பெனிகளே கல்விக்கூடமாய் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையிற் கண்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுட் பெயர் பெற்றது. இத்தகைய சபைகளிற் சேர்ந்த சிறுவர், வாத்தியாரிடம் பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்து, சபையோடு ஊர்தோறும் சென்று வாழ்ந்தனர். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் நின்று, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் சொல் எட்டுமாறு பேசுதல் அவர்தம் முதற்பாடம். பாலையாவும் இளமையிலேயே நாடகம் புகுந்து இப்பயிற்சி பெற்றவர். சொல்லை ஓரிடத்து நீட்டியும், ஓரிடத்து விழுங்கியும், குரலை ஏற்றியும் இறக்கியும் அவர் பேசிய தனிநடை பின்னாளில் அவரை அடையாளங் காட்டுவதாயிற்று.

1936 ஆம் ஆண்டு வெளிவந்த சதிலீலாவதி என்னும் பேசும்படம் அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம். கே. இராதா கதைத் தலைவர். எம். ஜி. இராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன் ஆகியோர்க்கும் அதுவே முதற்படம். தலைவனைக் குடிப்பழக்கத்தில் வீழ்த்திக் குடும்பத்தைச் சிதைக்கும் தீய நண்பன் வேடம் பாலையாவுக்கு வாய்த்தது. அடுத்த ஆண்டு அம்பிகாபதியில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி உருத்திரசேனனாக நின்றார். 1956 இல் வந்த மதுரை வீரனில் நரசப்பனாகச் சூழ்ச்சி செய்தார்.

தீயோன் வேடம் தாங்குவோர் பலரும் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, உரக்கச் சிரித்தலே தம் கடன் எனக் கருதுவர். பாலையாவின் தீயோனோ இனிக்கப் பேசுவான்; தன் செயல் நியாயமே எனத் தானும் நம்புவான். பார்ப்போர்க்கு அச்சம் விளைத்தது அவ்வினிமையே. ஆயினும் அவரை அவ்வொரு வேடத்துள் அடைத்து வைத்தல் இயலவில்லை. அறிஞர் அண்ணாவின் வேலைக்காரி 1949 இல் படமானபோது கதைத் தலைவனுக்கு அறிவு புகட்டும் நண்பன் மணியாக வந்தார். பாகப்பிரிவினையில் (1959) தம்பியோடு பிரிய நேரும் தமையனாக வந்தார்.

அவர்தம் கலையின் உச்சியை 1964 முதல் 1968 வரை வெளிவந்த மூன்று படங்களிற் காண்கின்றோம். ஸ்ரீதர் இயக்கிய காதலிக்க நேரமில்லையில், படம் எடுக்கத் துடிக்கும் மகனாகிய நாகேஷ், அச்சந்தரும் கதையொன்றைத் தந்தைக்குச் சொல்லுகின்றார். சொல்லுபவர் நாகேஷ், பாலையாவோ கேட்பவர் மட்டுமே. ஆயின் அவர் முகத்தில் அலட்சியம் ஐயமாகி, ஐயம் அச்சமாகி, அச்சம் நடுக்கமாவதைக் கண்டே நாம் சிரிக்கின்றோம். அம்முகம் இன்றேல் அக்கதை பயனற்றுப் போயிருக்கும். பிறர் பேசுகையில் உண்மையாகக் கேட்பதும் நடிப்பே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலத்தைத் தமிழ் மாணாக்கர் அறிவர். ஏ. பி. நாகராஜன் 1965 இல் அதனைத் திரையில் அமைத்தபோது, பாண்டியன் அவையை இசையால் அறைகூவும் ஏமநாத பாகவதராகப் பாலையா தோன்றினார். எம். பாலமுரளிகிருஷ்ணா பாடிய இராகமாலிகைக்கு அவர் வாயசைத்தார். ஏமநாதன் அற்பப் பாடகனாயின், அவனை வெல்ல இறைவன் விறகு சுமந்து வருதல் வேண்டுமோ? அவன் செருக்கு எத்துணை உயர்ந்ததோ, அத்துணை உயர்ந்தது வெற்றியும். இதனை நன்குணர்ந்தே, நிமிர்ந்த தலையும் ஏளனப் பார்வையுமாக அவைபுகுந்தவர், விறகு வெட்டியின் பாட்டைக் கேட்டு ஒடுங்கும் நிலையையும் குறைவறக் காட்டினார். தோற்பவன் மாண்பு குன்றாது தோற்றமையால், கதை பொலிவுற்றது.

தில்லானா மோகனாம்பாளில் (1968) சிவாஜி கணேசன் நாதசுரக் கலைஞர். பாலையா அவருடைய தவிற்காரர் முத்துராக்கு. நாதசுரம் முன்னே செல்லத் தாளம் காத்து உடன் செல்லுதல் தவிலின் கடமை. அது தன்னை மறைத்துக் கொள்ளுதலும் பிழை. நாதசுரத்தை மூழ்கடித்தலும் பிழை. சினமுடைய இளைஞரை அரவணைத்தும், அதட்டியும், நகைச்சுவையால் ஆற்றியும் நிற்கும் அவ்வேடம், பாலையா திரையுலகில் வகித்த இடத்துக்கே உவமையாகும் எனலாம்.

அன்னார் 1972 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22 ஆம் நாள், தம் 57 ஆம் வயதிற் காலமானார். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 இல். தமிழ்நாட்டு இல்லங்களில் அக்கருவி புகுந்ததை அவர் கண்டிலர். எனினும் பழைய படங்களை வீட்டுக்குள் கொணர்ந்த அக்கருவியே அவரைப் பின்வந்த தலைமுறைகட்கு உறவினர் ஆக்கிற்று. பெரம்பலூர்ப் பக்கத்து எறையூரினராகிய யாமும் அவரைக் கொட்டகையில் அறிந்தேம் அல்லேம். வீட்டுக் கூடத்தில் அறிந்தேம். அவர் மைந்தர் ஜூனியர் பாலையாவும் 2023 இல் மறையும்வரை குணசித்திர நடிகராகவே விளங்கினார்.

கல்லூரியை விட்டு ஏகும் நம்முள் தலைமை எய்துவோர் சிலரே. பிறருக்குத் துணைநின்று தொழில் புரிவோரே மிகப் பலர் ஆவோம். அந்நிலை வாய்க்குங்கால் அதனை இழிவெனக் கொண்டு மனஞ் சோர்தல் எளிது. சுவரொட்டியில் தம் பெயர் எவ்விடத்து நின்றது என நோக்காது, தமக்கு வாய்த்த சிறு காட்சியையும் முழு மனத்தோடு ஆடிய பாலையா அவர்களின் வரலாறு அச்சோர்வுக்கு மருந்தாம்.