வானோடி ஜே.ஆர்.டி. டாட்டா

இந்திய விமானச் சேவைக்கு அடித்தளமிட்டவர் ஜே.ஆர்.டி. டாட்டா ஆவார். இவர் 1904 யூலை 29 ஆம் திகதி பரிஸ் நகரிற் பிறந்தார். 1929 இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றார்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். 1930 இல் டாட்டா இலண்டனை நோக்கிப் புறப்பட்டார். அஸ்பி எஞ்சினியர் என்னும் 17 வயது இளைஞர் இலண்டனிலிருந்து எதிர்த்திசையில் வந்தார்.

இருவரும் ஓட்டியவை ஒற்றை இயந்திரச் சிறு விமானங்கள். எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் பழுதுற்றால் இயந்திரம் திணறும். அது முற்றாக நின்றுவிட்டால், விமானி முகப்பைத் தாழ்த்தி, வேகம் குறையாமல் மிதந்து வந்து, வெட்டவெளியில் இறங்க வேண்டும். கடலின் மேல் அதற்கு வழியில்லை.

எகிப்தின் அபுகிரில் டாட்டா இறங்கியபோது, அஸ்பி மாற்றுப் பிளக் இன்றி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். போட்டியாளர் என்று பாராது, டாட்டா தம்மிடமிருந்த மேலதிக பிளக்குகளைக் கொடுத்துதவினார். அஸ்பி பரிசை வென்றார். டாட்டா சில மணித்தியால வித்தியாசத்தில் அதனை இழந்தார். அந்த இளைஞரே 1960 இல் இந்திய விமானப்படைத் தளபதியானார்.

1932 ஒக்டோபர் 15 ஆம் திகதி டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிச் சென்றார். அவரது விமானச் சேவை 1938 இல் கொழும்பு வரை விரிந்தது. 1992 இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993 நவம்பர் 29 ஆம் திகதி ஜெனீவாவிற் காலமானார்.

வெற்றியிலும் மேலானது தக்க சமயத்தில் செய்யும் உதவி என்பதே இவரது வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடமாகும்.