வ.உ.சி.யும் கூட்டு முயற்சியும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், வடம் பிடிக்க வருகின்ற அத்தனை பேரும் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை கைவிடாமல் இழுப்பார்களா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்வை நோக்கினால் போதும். கூட்டாகச் செயல்படுவதன் இனிப்பையும் கசப்பையும் அவரைப்போல் ஒருங்கே சுவைத்தவர் அரியர்.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த அவர் வழக்கறிஞராய் விளங்கினார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடும் தொழில் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகள் வாங்கினார். சாதி சமயம் பாராமல் கைகள் சேர்ந்தன.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. ஆங்கிலேயர் நெருக்கவே, கப்பல் கொடுத்தவர் பின்வாங்கினார். பிறர் துணிவை நம்பித் தொடங்கிய பணி பாதியில் நின்றுவிடும் என்பது வ.உ.சி. பெற்ற முதற் பாடம். ஊர் ஊராய்ச் சென்று பங்கு சேர்த்தார். 1907-இல் காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாகவே பயணிகளை ஏற்றிக்கொள்ள முன்வந்தது. நட்டம் வந்ததும் பங்குதாரர் சிலர் கலங்கினர். அரசியலை விட்டுவிடும்படி அவரையே வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றையும் அதே ஊர் கண்டது. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். நகர மக்கள் உதவிக்கரம் நீட்டினர். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. பங்குப் பத்திரம் எதுவும் இல்லாத ஏழைகள் இவர்கள். ஆயினும் மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானபோது, அவருக்காக மீண்டும் வேலையை நிறுத்தியவர்கள் இவர்களே!

அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் ஒன்று, தோழர் சிவாவுக்கு உடந்தையாய் இருந்ததற்காக. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது; கப்பல்கள் விற்கப்பட்டன. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்க மக்கள் வெள்ளம் இல்லை. தொழுநோயால் நலிந்த உடலோடு சிவா காத்திருந்தார்.

இவ்வளவு கசப்புக்குப் பின் வேறொருவராயின் மனிதரையே வெறுத்திருப்பார். வ.உ.சி. வெறுக்கவில்லை. சென்னையில் தொழிலாளர் இயக்கத்தில் பங்கு கொண்டார். வையாபுரிப் பிள்ளையோடு இணைந்து தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். வழக்கறிஞர் உரிமையைத் திரும்பப் பெற உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினார். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

நண்பர்களே! நெய்வேலியை அடுத்த வடக்குத்து போன்ற ஊர்களிலிருந்து வரும் நமக்குக் கூட்டு உழைப்பு புதிதன்று. மேல்மண்ணை அகற்றுவோர், நிலத்தடி நீரை இடைவிடாது இறைப்போர், பழுப்பு நிலக்கரி வெட்டுவோர், கொதிகலனைக் காப்போர் என அனைவரும் ஷிப்டு ஷிப்டாய் நிற்பதால்தான் அங்கு மின்சாரம் பிறக்கிறது. ஒருவர் கைவிட்டால் மற்றவர் உழைப்பும் வீணாகும். நாளை நாமும் ஏதேனும் ஒரு குழுவில் சேரப் போகிறோம். தொடக்க விழாவில் கூடும் கூட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நட்டம் வரும் நாளில் நிற்பவர் யார் என்று பார்ப்போம். அதைவிட மேலாக, அந்நாளில் நிற்பவராக நாம் இருப்போம்.