நூறு பேர் கேட்டும் ஹேங் ஆகாத மனுஷன்

பட்டனை அழுத்துறீங்க. ஃபைல் லோட் ஆகுது. விண்டோ அப்படியே வெளுத்துப்போய் மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்'னு வருது. வில்லாபுரத்துல எங்க வீட்டு மாடியில ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட ராத்திரி மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல வந்த ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். நீங்களும் படிச்சிருப்பீங்க, மார்க் வாங்கிட்டு மறந்திருப்பீங்க.

1874 ஜூலை 31 அன்று நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்தார். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் பள்ளியில் மலையாளம்தான். தமிழைத் தனியாக சங்கரநாராயண அண்ணாவி என்பவரிடம் கற்றார். (இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டுத் தமிழ்ல எழுத முக்குற எனக்கு இது பெரிய ஆறுதல்.) பதினைந்து வயதிலேயே செய்யுள் எழுத வந்துவிட்டது. பிறகு சென்னை, பதிப்பக வேலை. சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். வள்ளலார் பாடியது அருட்பாவா மருட்பாவா என்று சண்டை நடந்தபோது, இஸ்லாமியரான இவர் அருட்பா பக்கம் நின்று மேடைகளில் பேசினார்.

1907 மார்ச் 10. சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர்கள் முன்னால் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துக் காட்டினார். சதாவதானி என்ற பட்டம் அன்றைக்கு வந்ததுதான்.

அவதானம் எப்படி நடக்கும்னு தெரியுமா? ஒருத்தர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருத்தர் ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். வேறொருத்தர் பெருக்கல் கணக்கு. நடுவில் மணி அடிக்கும், முதுகில் சின்னச் சின்னக் கல் விழும். எத்தனை மணி, எத்தனை கல் என்று கடைசியில் சொல்ல வேண்டும். வெண்பா முடியட்டும், அப்புறம் வாங்க என்று யாரையும் நிறுத்தி வைத்தால் அது அவதானமே இல்லை.

நான் செஞ்சது சரியா அந்தத் தப்புதான். பட்டன் கிளிக் ஃபங்ஷனுக்குள்ளேயே முழு ஃபைலையும் படிக்க விட்டிருந்தேன். மவுஸ், கீபோர்டு, திரையை மறுபடி வரையுறது எல்லாமே மெயின் த்ரெட்டோட ஒரே க்யூவுலதான் நிக்கும். நான் அந்த த்ரெட்டைப் பிடிச்சு வச்சுட்டேன். விண்டோஸ் 5 விநாடி பொறுத்துப் பார்த்துட்டுக் கையை விரிச்சுடும்.

பாவலருக்கும் இருந்தது ஒரே மூளைதான், சிங்கிள் கோர்னு வச்சுக்கோங்க. கேட்டவருக்கு உடனே முகம் கொடுக்கணும். நீண்ட வேலை உள்ளே தனியா ஓடணும். முடிஞ்சதும் அதே வாய் வழியா வெளியே வரணும். ஜாவா ஸ்விங்ல ஸ்விங்வொர்க்கர் செய்யுறதும் ஏறக்குறைய இதுதான். ஃபைல் படிக்கிறது பேக்ரவுண்ட் த்ரெட்ல. அந்த த்ரெட் திரையில இருக்கிற லேபிளை நேரா தொடக் கூடாது, முடிவை ஈவென்ட் டிஸ்பாட்ச் த்ரெட்கிட்ட கொடுத்துட்டு ஒதுங்கிக்கணும். மணி எண்ணிக்கையும் கல் எண்ணிக்கையும் கலந்தா அவதானி தோத்தார். ரெண்டு த்ரெட் ஒரே வேரியபிள்ல லாக் இல்லாம எழுதினா நாம தோத்தோம்.

இன்னொரு கதை சொல்வாங்க. அவரைச் சீண்டணும்னே ஒருத்தர் துருக்கன் என்ற சொல்லில் தொடங்கும் ஈற்றடியைக் கொடுத்தாராம். அதுவும் ராமனைப் பற்றிய பாட்டுக்கு. பாவலர் முந்தின அடியோட கடைசியில 'சத்' என்று ஓர் அசையை வைத்தார். சேர்த்துப் படித்தால் சத்துருக்கன், ராமனோட தம்பி! சபையே கைதட்டியிருக்கும். கோபப்பட்டு அந்த ஒரே கேள்வியில் மாட்டியிருந்தா மத்தவங்க எல்லாரும் காத்துக் கிடந்திருப்பாங்க.

1950 பிப்ரவரி 13 அன்று காலமானார். அவர் நூல்கள் இப்போது நாட்டுடைமை. இடலாக்குடியில் மணிமண்டபமும் அவர் பெயரில் பள்ளியும் இருக்கு. நாகர்கோவில் வழியா கன்னியாகுமரி டூர் போனா பத்து நிமிஷம் இறங்கிப் பாருங்க.